கடைசிப் பேறு எப்போது?

நிக்கோபாரின் கட்சால் தீவை வெளியுலகம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. புத்தாயிரத்தின் முதல் வெயில் மக்கள் வாழும் இந்த மண்ணில்தான் விழப்போகிறது என்று பேசப்பட்டபோது, 2000 ஜனவரி 1 அன்று அதன் கிழக்குக் கரை ஒரு காலைப்பொழுது பேர்பெற்றது. ஐந்து ஆண்டுகள் நிறையும் முன்பே, 2004 டிசம்பர் 26 அன்று, அதே தீவின்மீது கடல் ஏறி வந்தது. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த இடத்தில் 2011இல் மூவாயிரம் பேர்கூட எஞ்சவில்லை. நிலம் தாழ்ந்தது; தென்னந்தோப்புகளில் உப்புநீர் நின்றது; பிணமாகக்கூடக் கிடைக்காதவர்களே மிகுதி. பிறகு செய்தியாளர்களும் நிவாரணக் கப்பல்களும் திரும்பிப் போயின. உலகம் பார்க்காத ஆண்டுகளிலும் அங்கே பெண்கள் கருத்தரிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், கரு கலைந்து அழுகிறார்கள், காரணம் புரியாத வலியோடு கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள். பேரலை ஒரே காலையில் வந்து போய்விட்டது. நோய் ஆண்டுக்கணக்கில் வருகிறது, ஒவ்வொரு வீடாக வருகிறது. அதனால் அது செய்தியாவதில்லை.

தமிழர்களாகிய நமக்கு நிக்கோபார்த் தீவுக்கூட்டம் அந்நியமன்று. முதலாம் இராசேந்திரன் தன் கடற்படையெடுப்பில் கொண்ட நிலங்களின் வரிசையில் மாநக்கவாரம் என்ற பெயரில் அதுவும் இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1756இல், தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட டேனியர்கள் இத்தீவுகளைத் தம் அரசரின் பெயரால் உரிமை கொண்டாடினார்கள். 1768இல் மொரேவியச் சபையின் சகோதரர்கள் கட்சாலுக்கு அருகிலுள்ள நான்கவுரியில் குடிசை போட்டு அமர்ந்தார்கள். காய்ச்சல் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோக, 1787இல் கைவிட்டுத் திரும்பினார்கள். 1869இல் பிரிட்டிஷார் வந்தனர். வந்தவர்கள் எல்லோரும் அந்த மண்ணைக் காய்ச்சலின் இடமென்றே எழுதிவைத்தார்கள். அங்கு முன்பே வாழ்ந்திருந்த நிக்கோபாரிப் பெண்களின் பேற்றுக்கால வேதனைகளைப் பற்றி அந்த ஏடுகள் அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு உரியவர்கள் என்று எண்ணால் பிரித்தது. அப்படி வந்தவர்களில் சில குடும்பங்கள் கட்சாலின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. தேயிலைக் கொழுந்து பறித்த கை பால்வெட்டும் கத்தியைப் பிடித்தது. லயத்து வாழ்க்கையின் இரத்தசோகையும் அடுத்தடுத்த பேறுகளும் அந்தப் பெண்களோடு சேர்ந்தே கடல் கடந்தன.

அந்தப் பெண்களுக்கு வரக்கூடிய நோய்களில் சில இடம் மாறி வந்து மருத்துவரை ஏமாற்றும். கருப்பை, சினைப்பை, கருக்குழாய் ஆகியவற்றில் தோன்ற வேண்டிய கட்டி, யாரும் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுவதுண்டு. சிசேரியன் தழும்பில் ஒரு முடிச்சு எழுந்து மாதவிடாய் நாட்களில் மட்டும் வீங்கி வலிக்கும். கருப்பையின் உள்வரிப்படலம் அறுவையின்போது வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கே மாதாமாதம் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். தையல் பழுத்துவிட்டது என்றோ குடலிறக்கம் என்றோ அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கருப்பைத் தசைக்கட்டியை அகற்றிப் பல ஆண்டுகள் கழித்து அதே தசையின் உருண்டைகள் நுரையீரலில் தென்படலாம்; புற்றுநோய் அல்லாத கட்டி ஒன்று புற்றுநோயைப் போலப் பயணம் செய்யும் இந்த விந்தையை 1939இல் ஸ்டைனர் விவரித்தார். தைராய்டுத் திசு சினைப்பைக்குள் வளர்ந்து, கழுத்தில் வீக்கமே இல்லாத பெண்ணுக்குப் படபடப்பைக் கொடுக்கலாம். தொப்புளில் ஒரு கடினமான முண்டு வெளிப்பட்டு, சினைப்பையிலோ வயிற்றிலோ முற்றிய புற்று இருப்பதைச் சொல்லலாம். அந்தத் தொப்புள் முண்டை முதலில் கவனித்துச் சொன்னவர் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் மேயோவுக்கு அறுவையில் உதவிய கன்னிச் சகோதரி மேரி ஜோசப். நோயாளியின் வயிற்றை அறுவைக்கு முன் துடைத்துத் தயார்செய்யும் வேலை அவருடையது. எந்தப் பெண்ணுக்குத் தொப்புளில் முண்டு இருந்ததோ அவள் பிழைப்பதில்லை என்பதைத் துடைத்த கை கண்டுகொண்டது. மேயோ அதை 1928இல் எழுதினார். சகோதரியின் பெயரை அதற்குச் சூட்டியவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி. அது நடந்தது 1949இல், சகோதரி இறந்து பத்தாண்டு கழித்து.

இவற்றையெல்லாம் அரிதானவை என்கிறோம். நூல்களின் கணக்கில் அது உண்மைதான். ஆனால் மருத்துவ வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால், அரிது என்று ஒதுக்கப்பட்டவற்றில் பாதி, பிறப்பிடம் தெரியாமல் பெயர் வைக்கப்பட்டவை என்று தோன்றுகிறது. 1896இல் ஃப்ரீட்ரிக் க்ரூக்கன்பெர்க் சினைப்பையின் புதுவகைக் கட்டி ஒன்றைக் கண்டதாக எழுதினார். ஆறாண்டுகளில், அது பெரும்பாலும் இரைப்பையில் பிறந்து சினைப்பைக்கு வந்தது என்று தெரிந்துபோனது. அவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் காலத்திலேயே இதன் மறுபதிப்பு நடந்தது. சினைப்பைப் புற்று என்று ஒரு நூற்றாண்டாக நாம் அழைத்துவந்த கொடிய நோயின் பெரும்பகுதி, அருகிலிருக்கும் கருக்குழாயின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்குகிறது என்பதை 2000க்குப் பிறகான ஆய்வுகள்தான் காட்டின. மருத்துவர்களின் கைக்கருவியே கட்டியை விதைத்த கதையும் உண்டு. தசைக்கட்டியை வயிற்றுக்குள்ளேயே அரைத்துச் சிறு துளை வழியே எடுக்கும் சுழற்கத்தி, மறைந்திருந்த புற்றையும் வயிறெங்கும் தூவிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014 ஏப்ரலில் எச்சரித்தது. ஒவ்வொரு தலைமுறையும் நோயைக் கண்ட இடத்தை நோய் பிறந்த இடமென்று நம்பியிருக்கிறது. அடுத்த தலைமுறை வந்து திருத்தியிருக்கிறது. இப்போது நம் கையிலுள்ள பெயர்களும் அப்படித் திருத்தப்படக் காத்திருப்பவையாகவே இருக்கும்.

இந்த வரிசையில் ஒரு நோயை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். அது கீழ்த்திசைப் பெண்களை அதிகம் தொட்டது என்பதாலும், அதைத் தீர்த்த மருந்தின் வேர் நம் மண்ணிலும் ஓடுகிறது என்பதாலும் அது நமக்கு நெருங்கியது. கரு உருவாகாமல் நஞ்சுக்கொடி மட்டும் நீர்க்குமிழிக் கொத்தாக வளரும் கர்ப்பத்தை நம் ஊர்களில் முத்துப்பிள்ளை என்பார்கள். வயிறு நாள்கணக்குக்கு மீறிப் பெருக்கும்; வாந்தி ஓயாது; பிறகு இரத்தத்தோடு குமிழிகள் விழும். பெண்ணை ஏதோ சாபம் தீண்டியதாக வீட்டார் வாயடைத்துக்கொள்வார்கள். கருப்பையைச் சுத்தம் செய்தால் பெரும்பாலானோருக்கு அதோடு முடிந்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு முடிவதில்லை. தங்கிய செல்கள் மீண்டும் பெருகும். சிலரிடம் அது கோரியோகார்சினோமா என்னும் புற்றாக மாறும். முத்துப்பிள்ளைக்குப் பின் மட்டுமல்ல, கருச்சிதைவுக்குப் பிறகும், நல்லபடியாகப் பிள்ளை பிறந்த பிறகும்கூட இந்தப் புற்று வருவதுண்டு. மாதங்கள் கழித்தும் ஆண்டுகள் கழித்தும் வருவதுண்டு. நஞ்சுக்கொடியின் செல்லுக்குத் தாயின் இரத்தக் குழாயைத் துளைத்துச் செல்வது இயற்கை கொடுத்த வேலை. ஆகவே இந்தப் புற்று இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகும், மூளைக்குப் போகும், கல்லீரலுக்குப் போகும். கருப்பை அப்போது ஒன்றும் அறியாததுபோல அமைதியாக இருக்கும்.

பெண் இருமுகிறாள், கோழையில் இரத்தம். நம் நாட்டில் எந்த மருத்துவரும் முதலில் காசநோயைத்தான் நினைப்பார், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இன்னொருத்திக்குத் திடீரென்று வலிப்பு வருகிறது, ஒரு பக்கம் கை விழுந்துவிடுகிறது. இளம் வயதில் பக்கவாதமா என்று வியக்கிறார்கள். நுரையீரல் நிழலுக்கும் மூளைக் கசிவுக்கும் நடுவே ஒரு கேள்வி கேட்கப்படாமல் நிற்கிறது: கடைசிப் பேறு எப்போது, அம்மா? அதற்கு முன் ஏதாவது கலைந்ததா? இந்தக் கேள்வி விழுந்த வீடுகளில் பெண்கள் பிழைத்தார்கள், விழாத வீடுகளில் இறந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பதுகூட இங்கே ஆபத்து, நிற்காமல் இரத்தம் பெருகும். ஆனால் இந்தப் புற்று கர்ப்பகாலத்துச் சுரப்பான எச்.சி.ஜி.யைச் சுரந்துகொண்டே இருக்கும். சிறுநீரில் அதைப் பார்த்துவிடலாம். ஆஷா பணியாளரின் பையில் கிடக்கும் கர்ப்பச் சோதனை அட்டைக்கு அதற்குரிய ஆற்றல் உண்டு. சுரப்பின் அளவு மிதமிஞ்சிப் போனால் அட்டை ஏமாந்து இல்லையென்று காட்டவும் கூடும். சிறுநீரில் தண்ணீர் கலந்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது அனுபவமுள்ள மருத்துவர்கள் அறிந்தது. கணினி எக்ஸ்ரேயும் நோய்க்கூற்று வல்லுநரும் இல்லாத ஒரு தீவில், உலகின் அரிய புற்றுநோய்களில் ஒன்றுக்கான முதல் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் கிடக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கையும் ஆற்றாமையும் சேர்ந்தே வருகின்றன.

இந்த நோயின் பிறப்பிடத்தைக் கண்டவர்களும் வழி தவறியே வந்தார்கள். 1889இல் ஜெர்மானியர் மாக்ஸ் சேங்கர் இதைத் தாயின் கருப்பைத் திசுவில் பிறக்கும் கட்டியென்று எழுதினார். 1895இல் ஃபீலிக்ஸ் மார்ஷாண்ட் இது கருவின் பக்கத்திலிருந்து, நஞ்சுக்கொடியின் செல்லிலிருந்து வருவது என்று நிறுவினார். தெரிந்துகொண்டதால் யாரும் பிழைக்கவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகள், நுரையீரலுக்குப் பரவிய நிலையில் வந்த பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் ஓராண்டுக்குள் இறந்தார்கள். கருப்பையை எடுத்தும் இறந்தார்கள். பேறு முடிந்த வீட்டில் தாயைக் கொண்டுபோகும் அந்த நோய்க்குப் பெயர் இருந்தது, மருந்து இல்லை.

மருந்து எங்கிருந்து வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதில்லை. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், பம்பாயின் நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த இரத்தசோகையை ஆராய வந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்ந்தார். 1931 தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை; அங்கே பிறந்தவர்களும் அங்கே பெற்றவர்களும் இந்தக் கட்டுரையின் வாசகர்களில் பலர் இருப்பார்கள். ஏழைப் பெண்கள் தின்றதையே குரங்குகளுக்கும் தின்னக் கொடுத்து, ஈஸ்ட் சத்தில் உள்ள ஏதோ ஒன்று அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று வில்ஸ் கண்டார். அந்த ஏதோ ஒன்றுக்குப் பத்தாண்டு கழித்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணியும் விழுங்கும் மாத்திரைக்குள், பம்பாயிலும் சென்னையிலும் பெயரில்லாமல் இறந்துபோன பெண்களின் சோகை இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் வாடகை அறைகளில் வாழ்ந்துகொண்டிருந்தார். கோதாவரிக்கரைத் தெலுங்குக் குடும்பம். உடன்பிறந்த இருவரைக் குடல் நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. கதர் உடுத்தி அறுவைக்கூடத்துக்கு வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான பட்டத்தோடு கல்லூரியை விட்டவர் அவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் சொல்கிறார்கள். 1920களின் தொடக்கத்தில் கப்பலேறிய அவர் பிறகு ஊர் திரும்பவே இல்லை. லெடர்லி ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. பிறகு அதற்கு எதிராக நின்று செல்லைப் பட்டினி போடும் மூலக்கூறுகளையும் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றை இரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்து 1948 ஜூனில் முடிவை வெளியிட்டார். அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், வயது 53. அவர் குழு செய்த இன்னொரு எதிர்ப்பொருள்தான் மீதோட்ரெக்சேட்.

சீனத்திலிருந்து வந்த இளம் மருத்துவர் மின் சியு லி அதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கோரியோகார்சினோமா பெண்களுக்குக் கொடுத்தார். 1956இல் அவரும் ராய் ஹெர்ட்ஸும் ஸ்பென்சரும் வெளியிட்ட சிறு கட்டுரை, பரவிவிட்ட திடக்கட்டி ஒன்று மருந்தால் மறைந்ததை உலகுக்கு முதலில் சொன்னது. எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்த பிறகும் சிறுநீரில் அந்தச் சுரப்பு சிறிதளவு எஞ்சியிருந்ததை லி கண்டார். அது அற்றுப்போகும் வரை ஊசியை நிறுத்த மறுத்தார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நஞ்சு கொடுப்பதா என்று மேலிடம் சினந்து 1957இல் அவரை வெளியே அனுப்பியது. காலம் பதில் சொன்னது: முன்கூட்டியே ஊசியை நிறுத்திக்கொண்ட பெண்களுக்கு நோய் திரும்பியது, லி முடிவுவரை கொடுத்த பெண்களுக்குத் திரும்பவில்லை. 1972இல் லாஸ்கர் பரிசு வந்தது. இன்று சுரப்பு இயல்புக்கு இறங்கிய பிறகும் மேலும் இரண்டு மூன்று சுற்று மருந்து கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அபாயம் குறைந்த நிலையில் வரும் பெண்களில் ஏறக்குறைய அனைவரும் பிழைக்கிறார்கள். முற்றிய நிலையில் வருவோருக்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை லண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் கென்னத் பேக்ஷா குழுவினர் வகுத்தார்கள். அவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் வீடு திரும்புகிறார்கள். கருப்பை பெரும்பாலும் தப்பிக்கிறது, பிறகு பிள்ளையும் பெறுகிறார்கள். புற்றுநோய் என்ற சொல்லுக்கு இவ்வளவு நல்ல முடிவைச் சொல்லும் இடங்கள் அதிகமில்லை.

பேக்ஷா செய்த இன்னொன்று தீவுகளுக்குப் பெரிது. 1973 முதல் பிரிட்டனில் முத்துப்பிள்ளை கர்ப்பம் கண்ட ஒவ்வொரு பெண்ணும் பதிவேட்டில் இடம்பெற்றாள். அவள் லண்டனுக்கு வர வேண்டியதில்லை. சிறுநீரையோ இரத்தத்தையோ சிறு குப்பியில் அடைத்துத் தபாலில் போட்டால் போதும். ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருந்த பெண்ணும் தன் வீட்டுச் சமையலறையிலிருந்தபடியே கண்காணிக்கப்பட்டாள். எண் ஏறினால் மட்டும் அழைப்பு வரும். முத்துப்பிள்ளை வந்த பெண்ணுக்கு முதலில் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும், பல மாதங்கள் இந்தச் சோதனை வேண்டும், அந்தக் காலம் முழுதும் மறு கர்ப்பம் கூடாது. இதை நகரத்திலேயே பாதிப்பேர் தொடர்வதில்லை என்பது மகப்பேற்று மருத்துவர்களின் பொதுப் புலம்பல். அப்படியிருக்க, கட்சாலிலிருந்து போர்ட் பிளேருக்கு, இப்போது ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாறிய நகருக்கு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். மழைக்காலத்தில் கப்பல் நாள் தவறும். ஹெலிகாப்டரில் இடம் அவசரக்காரர்களுக்கே போதாது. அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். நன்றாக இருப்பதாகத் தோன்றும் ஒரு பெண்ணை, வேலையையும் பிள்ளையையும் விட்டு ஒரு சிறுநீர்ச் சோதனைக்காக இந்தத் தூரம் வரச் சொல்வது நடக்காத காரியம். மூன்றாவது மாதம் அவள் வரமாட்டாள். வராமல் போனதற்கு அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

நோயாளியே தூரத்தைக் கடக்கும் கதை பழையது. 1809 டிசம்பரில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண் வயிற்றுக் கட்டியோடு அறுபது மைல் குதிரைமேல் பயணம் செய்து கென்டக்கியின் டான்வில் ஊரில் எஃப்ரெயிம் மெக்டவலின் வீட்டை அடைந்தார். மயக்க மருந்து பிறக்காத காலம். கிறிஸ்துமஸ் நாளில் இருபத்தைந்து நிமிடத்தில் சினைப்பைக் கட்டி வெளியே வந்தது. அவர் மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பெண்களின் வயிற்று அறுவையின் வரலாறு அந்தக் குதிரைப் பயணத்தில்தான் தொடங்குகிறது என்று எல்லா நூல்களும் மெக்டவலைப் புகழ்கின்றன. எனக்கு அந்தச் சேணத்தின் முனையில் கட்டி மோதிய அறுபது மைல்தான் கண்முன் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளாக மருத்துவம் எவ்வளவோ வளர்ந்தும் அந்தப் பயணத்தை நோயாளியின் தலையிலேயே விட்டுவைத்திருக்கிறது. 1954இல் அடையாறில் ஓலைக் கொட்டகையில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோதும், ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் நோயாளிகள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டி முப்பதாண்டு சுமந்த எண்ணம் அந்தக் கொட்டகை. மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதற்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையிடமிருந்து நமக்கு வந்தவை கட்டடங்கள் மட்டுமல்ல. வந்த நோயாளியின் பெயரை எழுதிவைத்து, வராமல் போனவளுக்குக் கடிதம் எழுதித் தேடும் பழக்கத்தையும் அவர்கள் விட்டுச் சென்றார்கள்.

கட்சாலில் இந்தத் தேடல் இன்னொரு காரணத்தாலும் கடினம். பெண்களின் பேற்று வரலாறு நம் குடும்பங்களில் எழுத்தில் இருப்பதில்லை. எந்த ஐப்பசியில் எந்த மருமகளுக்குக் கரு கலைந்தது, யாருக்கு முத்துப்பிள்ளை விழுந்தது, யார் பிள்ளை பெற்ற ஆறாம் மாதம் இருமி இறந்தாள் என்பதெல்லாம் மாமியாரும் மருத்துவச்சியும் அத்தையும் நினைவில் வைத்திருப்பது. ஒரு தீவில் ஒரே காலையில் இத்தனை பேர் போனபோது அந்த நினைவும் போனது. நிக்கோபாரி வீடுகளிலும் அப்படித்தான், மலையகத்திலிருந்து வந்த வீடுகளிலும் அப்படித்தான். இன்று அங்கே இருமும் ஒரு நடுவயதுப் பெண்ணிடம் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கர்ப்பத்தைப் பற்றிக் கேட்டால், அந்தக் கேள்வி பேரலையைக் கடந்துதான் அவளிடம் போக வேண்டும். கேட்பவர் மெதுவாகக் கேட்க வேண்டும். அவள் மொழியில் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1857லேயே மகப்பேற்று நூலைத் தமிழில் அச்சிட்டு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஒரு தாதியோ உள்ளூர் மருத்துவரோ தாயின் அருகில் உட்கார்ந்து பேசும் மொழியில் படித்திருக்க வேண்டும் என்பது அவர் துணிவு. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு அப்பாலும் அந்தத் தீவுக்கு இந்தியில் எழுதப் பழகியவரும் ஆங்கிலத்தில் பயின்றவரும் சில மாதப் பணிக்கு வந்து போகிறார்கள். தமிழோ நிக்கோபாரியோ அறிந்த செவிலியர்தான் நடுவே நிற்கிறார். நோயறிதலின் பெரும்பங்கு அவர் கையில்.

அதற்காக எல்லாம் இருண்டு கிடப்பதாக எழுதினால் அது நேர்மையாகாது. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கம்பிவடம் இயங்கத் தொடங்கியது. அது கட்சாலுக்கு அண்டைத் தீவான கமோர்ட்டா வரை போகிறது. இராசேந்திரனின் கலங்களும் தரங்கம்பாடிப் பாய்மரங்களும் வாரக்கணக்கில் போன தடத்தில் இப்போது ஒரு நுரையீரல் படம் நொடியில் போய்விடும். போர்ட் பிளேரில் 2015 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகள் 2012 முதல் தேசிய வலையமைப்பாக இணைந்து, சிறு ஊர் மருத்துவர் அரிய நோயாளியைப் பற்றிப் பெரிய மருத்துவமனைக் குழுவோடு கலந்து பேச வழி செய்திருக்கின்றன. மீதோட்ரெக்சேட் மலிவான மருந்து. ஒருநாள் விட்டு ஒருநாள் தசையில் போடும் ஊசி, இடைநாட்களில் ஃபோலினிக் அமிலம், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதித்துக்கொண்டே, அபாயம் குறைந்த நோய்க்கு அதைப் போர்ட் பிளேரிலேயே கொடுத்து முடிக்கலாம். தழும்பு முடிச்சுக்குச் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எடுக்கும் ஓர் அறுவை போதும்.

ஆகையால் கேட்க வேண்டியது பெரிய மருத்துவமனையல்ல. நிக்கோபார் மாவட்டத்துச் சுகாதார நிலையங்களில் கர்ப்பம் கலைந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், முத்துப்பிள்ளை சுத்தம் செய்யப்பட்ட ஒவ்வொருத்திக்கும், ஒரு பக்கம் உள்ள ஏடு. அதில் ஓராண்டுக்கு மாதம் ஒரு கட்டம். இரத்தக் குப்பி கப்பலில் குளிர்பெட்டியில் போகட்டும், முடிவு கம்பிவடத்தில் திரும்பட்டும், பெண் தன் வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளை பெறும் வயதில் இருமலில் இரத்தம் கண்டோ காரணமற்ற வலிப்போடோ வரும் எவருக்கும் சளிச் சோதனைக்கு அனுப்பும் அதே வேளையில் சிறுநீர் அட்டையும் வைக்கப்பட வேண்டும். சிசேரியன் தழும்பில் முடிச்சோடு வருபவளிடம் வலி மாதத்தின் எந்த நாளில் வருகிறது என்று கேட்டு எழுத வேண்டும். அறுவைக்குப் பின் வெட்டியெடுத்த கட்டி எதுவானாலும் வாளியில் போகாமல் ஃபார்மலினில் சென்னைக்கோ போர்ட் பிளேருக்கோ போக வேண்டும். அந்தச் சீட்டில் வயதுக்குக் கீழே எத்தனை கர்ப்பம், எத்தனை பேறு, கடைசியாக எப்போது என்ற மூன்று வரிகள் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். தீவு நிர்வாகத்தின் சுகாதாரத் துறை இந்த ஏட்டை அடுத்த மழைக்காலத்துக்கு முன் அச்சிடலாம். தமிழிலும் நிக்கோபாரியிலும் கேள்விகளை அச்சிட்டுக் கொடுக்கத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் மகப்பேற்றுத் துறைகள் முன்வரலாம்.